பதினாலாவது கேள்விக்கு முப்பத்தேழு பதில்

அன்புள்ள தம்பிக்கு,

உன் அக்கா எழுதுவது. இங்கே நான், உன் மச்சான், பட்டறை, பட்டறையில் குடியிருக்கும் எலி உட்பட எல்லோரும் சுகம். அங்கே நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் சுகமாகத்தான் இருப்பீர்கள். இன்சூரன்ஸ் விற்கிறவன் வீட்டில் ஆபத்து வந்தால் தொழிலுக்கே அவமானம் இல்லையா.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லி முடித்துவிடுகிறேன். ஆறு வருடமாக பீரோவில் பிளாஸ்டிக் உறை போட்டு, யாரும் கை வைக்கக் கூடாது என்று காத்து வந்தேனே ஒரு பாலிசி, அது பாலிசி இல்லை. பிரிட்ஜோடு வந்த விளக்கப் புத்தகம். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, அதிலும் பாதி நாள் உன்னைத் துரத்திப் பிடித்துப் பள்ளிக்கூடத்தில் தள்ளுவதிலேயே போனது. பொடி எழுத்து, பக்கத்துக்குப் பக்கம் எச்சரிக்கை, கடைசியில் ஒரு முத்திரை. பாலிசி வேறு எப்படி இருக்கும்? பெரிய கடை மேனேஜர் நம் பட்டறை அயர்ன் பாக்ஸ் நானூறு எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, "உங்க பொருளால யாருக்காவது அடிபட்டா, வீடு எரிஞ்சா, அதுக்கு இன்சூரன்ஸ் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். நான் மகாராணி மாதிரி அதை எடுத்து மேஜையில் வைத்தேன். நாலு பக்கம் புரட்டிவிட்டு, "அம்மா, இதுல காய்கறியைக் கீழ்த்தட்டுல வைக்கணும்னு போட்டிருக்கு" என்றார். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குள் அசல் சான்றிதழ் வரவேண்டும், இல்லையென்றால் ஆர்டர் வேறு பட்டறைக்கு என்றும் சொல்லிவிட்டார். அந்த நானூறு போனால் கம்பி கோர்க்கும் நம் டெஸ்ட்டரையும் மற்ற மூன்று பெண்களையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். (எதையும் விரலால் தொட்டுப் பார்த்தே கரண்டு இருக்கிறதா என்று சொல்வாளே, அவள்தான் டெஸ்ட்டர். இன்னும் உயிரோடு இருக்கிறாள்.)

அப்புறம்தான் நீ விண்ணப்பம் அனுப்பினாய். போனில் வேறு, "உண்மையை மட்டும் எழுதுக்கா, மறைச்சா நாளைக்கு ஒரு பைசா வராது" என்று உபதேசம். சின்ன வயதில் ஜாம் டப்பாவைக் காலி செய்துவிட்டுப் பூனை மேல் பழி போட்டவன் சொல்கிறான், சரி, கேட்டுக்கொண்டேன். பதிமூன்று கேள்வி வரைக்கும் தடுமாறாமல் எழுதினேன். பதினாலாவதில் நின்றுவிட்டேன். 'வாங்கியவர் உங்கள் பொருளை அதன் நோக்கத்துக்குப் புறம்பாக எவ்வாறெல்லாம் பயன்படுத்தக்கூடும்?' உன் மச்சான் எட்டிப் பார்த்து, "துணி தேய்க்க மட்டும்னு எழுதிட்டுப் போவியா" என்றார். "உங்களுக்குத் தெரியுமா? பன்னிரண்டு வருஷமா செஞ்சு அனுப்புறோம், போன இடத்துல அது என்ன பண்ணுதுன்னு ஒரு நாளாவது கேட்டிருக்கோமா?" என்றேன். சொன்ன பிறகு எனக்கே தாங்கவில்லை. பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டு ஒரு போன்கூடப் போடாத மாதிரி இருந்தது. வாங்கியவர்கள் போன் நம்பர் எழுதி அனுப்பிய உத்தரவாத அட்டைகளை எடுத்துவைத்துக்கொண்டு மூன்று நாள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன்.

எல்லோரும் முதலில் "துணிக்குத்தாங்க" என்றுதான் சொல்கிறார்கள். நான் பேசாமல் இருப்பேன். கொஞ்ச நேரம் கழித்து, "எப்பவாவது ரொட்டிக்கு..." என்று வருகிறது. நாம் சும்மா இருந்தால் ஜனங்கள் உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள் தம்பி. நீயும் முயன்று பார், வாயை மூடத் தெரிந்தால். ஒரு கணக்கு டீச்சர் ஈர ஷூவுக்குள் வைக்கிறார். ஒருத்தி தலைமுடியை மேஜைமேல் பரப்பி, தங்கையைவிட்டுத் தேய்க்கச் சொல்கிறாள். ஒரு தச்சர் பாதாம் கொட்டை உடைக்கிறார், "சூடு பண்ணாமத்தாம்மா" என்று சமாதானம் வேறு. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பஸ் டிரைவர், லேசாகச் சூடாக்கி, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் துண்டில் சுற்றி மனைவியின் முட்டிக்குப் பக்கத்தில் வைக்கிறாராம். "சூடு இருந்தாத்தான் அவ தூங்குவா. தப்பாம்மா?" என்றார். தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆனால் பட்டியலில் எழுதிக்கொண்டேன். மொத்தம் முப்பத்தேழு. பதினோரு தாள்.

உன் மச்சானுக்கு முகம் வெளுத்துவிட்டது. "இதைப் படிச்சா எவன்டி இன்சூரன்ஸ் கொடுப்பான்? அயர்ன் பாக்ஸ் செய்றோமா, ஆயுதம் செய்றோமா?" செவ்வாய்க்கிழமை பட்டறையைப் பார்த்துச் சோதிக்க இன்சூரன்ஸ் கம்பெனி சர்வேயர் வாசலுக்கு வந்ததுமே, உன் மச்சான் அந்தப் பதினோரு தாளையும் நாற்காலி மெத்தைக்கு அடியில் செருகிவிட்டார். சர்வேயர் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். அசையும்போதெல்லாம் சரசரவென்று சத்தம். மனிதர் இரண்டு தடவை சங்கடப்பட்டு என்னைப் பார்த்தார். "அது நீங்க இல்ல சார், பதினாலாவது கேள்வி" என்று நானே எழுப்பி எடுத்துக் கொடுத்தேன்.

படித்தார். டெஸ்ட்டர்கூட எதையும் தொடவில்லை. ஒன்பதாவதில் நிறுத்தி, "ரொட்டிக்கு வெண்ணெய் முதல்லயா, அப்புறமா?" என்று கேட்டார். அப்புறம்தான் என்றேன். "அதான் எங்க வீட்ல தீயுது" என்று குறித்துக்கொண்டார். எல்லாம் படித்துவிட்டுச் சொன்னார்: "எல்லாரும் துணிக்கு மட்டும்னுதாம்மா எழுதுறாங்க. எங்களுக்குப் பயமே அவங்களைப் பார்த்துத்தான். நீங்கதான் போய்க் கேட்டிருக்கீங்க." முப்பத்தேழையும் 'செய்யாதீர்கள்' என்று அச்சடித்து ஒவ்வொரு பெட்டியிலும் போட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. அச்சடித்தாகிவிட்டது. விரித்தால் ஒரு சட்டை அளவு வருகிறது, தேய்த்துப் பழகலாம்.

இன்று மதியம் சான்றிதழ் வந்துவிட்டது, தம்பி. எதிரே மேஜையில் இருக்கிறது, முத்திரை, கையெழுத்து எல்லாம் பளிச்சென்று. நாளை வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குள் மேனேஜர் மேஜையில் வைப்பேன், காய்கறிப் பேச்சுக்கே இடமில்லை. இனி ஒரு வருடத்துக்கு உன்னை எதற்கும் தொந்தரவு செய்ய மாட்டேன்.

உன் மனைவிக்கு என் அன்பும், உன்னை வைத்து மேய்ப்பதற்காக என் அனுதாபமும். பிள்ளைகள் அம்மாவைப் போல அறிவோடும், அத்தையைப் போல அழகோடும் நூறாண்டு வாழட்டும்.

இப்படிக்கு,
உன் அன்பு அக்கா

பி.கு: சான்றிதழ் நாலாக மடித்து வந்ததால், மேனேஜர் முன்னால் நன்றாக இருக்காது என்று உன் மச்சான் அதை நம் அயர்ன் பாக்ஸால் தேய்த்தார். நடுவில் போன் அடித்தது, எடுக்கப் போனார். பஸ் டிரைவர்தான், மனைவியின் முட்டி தேவலை என்று சொல்லக் கூப்பிட்டிருக்கிறார். கையெழுத்து இருந்த இடத்தில் இப்போது அயர்ன் பாக்ஸ் வடிவில் ஓட்டை இருக்கிறது. மடிப்பு போய்விட்டது. இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் வேன் டிரைவர் உன் வாசலிலேயே நிற்பார், அவரிடம் இன்னொரு அசல் கொடுத்தனுப்பவும். பட்டியலைப் பார்த்தேன், காகிதம் அதில் இல்லை. முப்பத்தெட்டாவதாகச் சேர்த்துவிட்டேன்.