கைதட்டலுக்குப் பயந்து ஓடியவர்கள்

கச்சேரிப் பதிவுகளைக் கேட்டே கெட்டுப்போனவன் நான். ஒரு பாட்டை ஸ்டுடியோவில் பாடியிருந்தால் 'பரவாயில்லை' என்பேன். அதையே மேடையில் பாடி, கூட்டம் விசிலடித்துக் கைதட்டியிருந்தால் எனக்குப் புல்லரித்துவிடும். (கைதட்டியவர்கள் யாரென்றே தெரியாது!) நாலு பேர் ரசித்தால் நமக்கும் ரசிக்கத் தோன்றிவிடுகிறது. இந்த மகத்தான உண்மையைப் பெண் பார்க்கப் போன இடத்தில் பயன்படுத்திப் பார்த்தேன்.

அப்போது சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காலண்டர் வடிவமைத்துக்கொண்டிருந்தேன். பெண் வீடு தாயில்பட்டி. செல்வியும் அவள் அப்பாவும் பட்டாசு ஆலையில் வேலை பார்த்தார்கள். போட்டோவிலேயே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. இந்த வரனும் தட்டிப்போய்விடுமோ என்று ஒரே பயம். போதாததற்கு, 'பையன் பிரமாதமாப் பாடுவான்' என்று அம்மா சொல்லிவைத்திருந்தார். பிறர் முன்னால் வாயைத் திறந்தால் எனக்குக் காற்றுதான் வரும். அதனால் குளியலறையில் பாடிப் பதிவுசெய்து, முடிவில் ஒரு கச்சேரிக் கைதட்டலை வெட்டி ஒட்டினேன். கேட்டபோது எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

"ஒரு பாட்டுப் பாடுங்க தம்பி" என்றார் செல்வியின் அப்பா. தொண்டை சரியில்லை என்று சொல்லி, கொண்டுபோயிருந்த குட்டி ஸ்பீக்கரில் பதிவைப் போட்டேன். எல்லோரும் தலையாட்டிக் கேட்டார்கள். பாட்டு முடிந்தது. கைதட்டல் அந்த ஸ்பீக்கரில் கரகரத்து, சரவெடி மாதிரி படபடவென்று கிளம்பியது.

"ஏலே, எல்லாரும் வெளிய!" என்று கத்திக்கொண்டே செல்வியின் அப்பா என் அம்மாவைக் கைத்தாங்கலாக இழுத்துப்போனார். மிக்சர் தட்டு உருண்டது. நான் காபி டம்ளரும் கையுமாக விழித்துக்கொண்டிருந்தேன். வாசல் வரை போன செல்வி திரும்பி ஓடிவந்து என் சட்டையைப் பிடித்தாள்.

"இன்னும் என்ன உக்காந்திருக்கீக? வாங்க!"

தெருமுனைக்குப் போன பிறகுதான் சட்டையை விட்டாள். பக்கத்து வீட்டுக்காரர்களும் அங்கே வந்து நின்றார்கள். ஆளில்லாத வீட்டுக்குள் கைதட்டல் ஓயவேயில்லை. (தாராளமாக ஒட்டியிருந்தேன்.) பிறகு ஒருவழியாக ஓய்ந்து, பாட்டு முதலிலிருந்து தொடங்கியது.

"அது... கைதட்டலுங்க" என்றேன்.

"யாரு தட்டுனா?" என்றார் செல்வியின் அப்பா.

விஷயத்தைச் சொல்லித் தொலைத்தேன். வரன் போயே போச்சு என்று நினைத்தேன். "மன்னிச்சிருங்க, எல்லாரையும் ஓடவச்சிட்டேன்."

"ஓடுனதுல தப்பே இல்ல தம்பி" என்றார் அவர், மூச்சு வாங்கியபடி. "எங்க பொழப்புல மொதல்ல ஓடணும். காரணத்த வெளிய வந்து கேட்டுக்கிடலாம்."

செல்வி சிரித்துவிட்டாள். "பாட்டு நல்லாத்தான இருந்துச்சு? அதுக்கு எதுக்கு அம்புட்டுக் கைதட்டு?"

அன்று அவளுக்கு நான் யாரோ. உள்ளே வெடிக்கிறது என்று நம்பிக்கொண்டேதான் எனக்காகத் திரும்பி வந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் அதை நினைத்தால் எனக்குக் கண் கலங்கிவிடும். எந்த நன்றியும் அதற்குப் போதாது.

இப்போதும் குடும்ப விசேஷங்களில் என்னைப் பாடச் சொல்வார்கள். இப்போதெல்லாம் காற்றோடு கொஞ்சம் பாட்டும் வருகிறது. முடித்ததும் ஒருவரும் கைதட்டுவதில்லை. மொத்தக் கூட்டமும் எழுந்து வாசலுக்கு ஓடும். செல்வி மட்டும் திரும்பி வந்து என் சட்டையைப் பிடித்து இழுப்பாள்.