பாதிச் சூனியக்காரி

எங்கள் ஏரிக்கரைக்கு மகான் வந்திருந்தார்! நடந்து அல்ல, ஒலிபெருக்கி கட்டிய மோட்டார் சைக்கிளில். பெயர் கிஷோஷா. கழுத்தில் சோழி மாலை, தோளில் ஆட்டுத்தோல் பை, முகத்தில் எந்நேரமும் கறுப்புக் கண்ணாடி. "கண்ணைப் பார்ப்பேன், சூனியத்தைச் சொல்வேன்!" என்று ஒலிபெருக்கி அலறியதுதான் தாமதம், ஏரிக்குப் போக வேண்டிய ஆண்கள் படகுகளை மணலிலேயே விட்டுவிட்டு ஓடினார்கள். ஒரு நாள் மீன் போனால் என்ன? மகானை விட்டால் கிடைப்பாரா?

அவரை வரவழைத்தவர் படகு முதலாளி லுகாட்டா. கொஞ்ச நாளாக அவருக்கு மீன் சரியாக அகப்படவில்லை. மீன் ஏன் வரவில்லை என்று ஏரியைக் கேட்டிருக்கலாம், காற்றைக் கேட்டிருக்கலாம். அதற்கெல்லாம் மூளை செலவாகுமே! யாரோ சூனியம் வைத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டிவிட்டார். யார் என்று கண்டுபிடிப்பது எங்கள் பக்கத்தில் வெகு சுலபம். வயதான பெண்ணாக இருக்க வேண்டும், கண் சிவந்திருக்க வேண்டும். முடிந்தது விசாரணை.

சரி, இந்தக் கரையில் பெண்கள் பார்க்கிற வேலை என்ன? மீனைப் புகை போடுவது. விடிந்தது முதல் பொழுது சாயும் வரை அடுப்பு வாயில் குனிந்து ஊதுகிறார்கள். போதாததற்கு வறண்ட காற்று, பறக்கிற மணல். கண் காய்ந்து, அரித்து, உறுத்தி, மிளகாய்ப் பழமாய்ச் சிவக்கிறது. அந்தப் புகையில் பதமான மீனை உகாலிக் களியோடு வயிறு முட்டத் தின்றுவிட்டு, எங்கள் ஆண் சிங்கங்கள் ஏப்பம் விட்டபடி "இவ கண்ணைப் பாருடா, சூனியக்காரி கண்ணு" என்கிறார்கள். வெட்கமாவது, மானமாவது!

கிஷோஷாவின் சோதனை கண்ணில் ஒரே ஒரு சொட்டு மருந்து. "நல்லவங்க கண்ணு வெளுக்கும்! சூனியக்காரி கண்ணு வெளுக்கவே வெளுக்காது! வாங்கம்மா, வாங்கய்யா!" காணிக்கையைத் தட்டில் போட்டுவிட்டுக் கண்ணை விரித்துக் காட்டினால் போதும். சொட்டு விழுந்த சற்று நேரத்தில் சிவப்பு ஓடிப்போகும். பெண்கள் குலவையிடுவார்கள். மறுநாள் மறுபடி சிவந்தால்? "புதுச் சூனியம்மா, புதுச் சொட்டு!" மறுபடி தட்டு, மறுபடி குலவை. ஊர் மொத்தக் கண்ணுக்கும் ஒரே பாட்டில். அதன் மூக்கு எல்லாருடைய இமையிலும் முட்டிவிட்டுத்தான் அடுத்த ஆளிடம் போகும். என்ன ஒற்றுமை!

ஒரு நாள் காலை மிலெம்பேயின் முறை வந்தது. புருஷனை இழந்தவள், புகையிலேயே தலை நரைத்தவள். பாட்டிலைப் பார்த்தாள், கிஷோஷாவைப் பார்த்தாள்.

"எனக்கு முன்னால நின்னவன் கண்ணுல பீளை வடியுது. அதுல முட்டின பாட்டிலை என் கண்ணுல விடப் பாக்கறியா? போய்யா அந்தாண்ட!"

"பாத்தீங்களா!" என்று குதித்தார் மகான். "மருந்துக்குப் பயப்படறா! இவதான்!"

பொழுது சாய்வதற்குள் மிலெம்பே கரையை விட்டுப் போய்விட வேண்டும் என்று லுகாட்டா தீர்ப்புச் சொன்னார். "போகலேன்னா குடிசையோட கொளுத்துங்கடா!" என்று கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல். அவள் கை மீனைத் தின்று வளர்ந்த பயல். அப்படிச் சொன்னதைச் செய்தும் காட்டிய கரை ஒன்று எங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

இந்த இடத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தது கபுலாவை. மிலெம்பேயின் மருமகள். இவர்கள் இருவரும் போடுகிற சண்டையில் ஏரியில் இருக்கிற நீர்யானைகூட அக்கரைக்கு நீந்திவிடும்.

"உனக்கு இனிமே நிம்மதிதானே கபுலா?" என்று சிரித்தார் லுகாட்டா.

"அண்ணே, கல்யாணமான நாள்லேர்ந்து இந்தக் கிழவிக்கும் எனக்கும் ஆகாது. ஊருக்கே தெரியும். இவளுக்குச் சூனியம் தெரிஞ்சிருந்தா நான் இன்னிக்கு உசிரோட நிப்பேனா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "அது வாஸ்தவந்தான்" என்றாள் மிலெம்பே, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

கபுலா நேராக மகான் முன்னால் போய் நின்றாள். "என் கண்ணும் சிவப்புதான். என்னையும் சோதிங்க. ஆனா இந்த எச்சில் பாட்டில் வேணாம். மூடி திறக்காத புதுசா ஒண்ணு குடுங்க, அதுக்குண்டான காசைத் தரேன்."

காசு என்றதும் பை தானாகத் திறந்துகொண்டது. உள்ளே பாட்டில் மேல் பாட்டில், எல்லாவற்றிலும் ஒட்டியிருந்த காகிதத்தைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். கபுலா கை கழுவி, மூடியைத் தானே திறந்து, வலது கண்ணில் ஒரு சொட்டு விட்டாள். பாட்டிலை மூடிவிட்டாள்.

"இன்னொரு கண்ணு?" என்றார் மகான்.

"அது பாட்டுக்கு இருக்கட்டும்."

கொஞ்ச நேரம் போயிற்று. வலது கண் பளிச்சென்று வெளுத்தது. இடது கண் சிவப்பாகவே இருந்தது. கபுலா கூட்டத்துக்கு முன்னால் ஒரு சுற்றுச் சுற்றி வந்து முகத்தைக் காட்டினாள்.

"நல்லாப் பாத்துக்கோங்க. வலது பக்கம் உத்தமி, இடது பக்கம் சூனியக்காரி. என்னை எப்படி விரட்டப் போறீங்க? பாதி உடம்பை மட்டும் படகுல ஏத்துவீங்களா?"

மகான் அசரவில்லை. "சூனியம் இடது கண்ணுல போய் ஒளிஞ்சிருக்கு!"

"ஆமா, ஆமா!" என்றது கூட்டம். எதற்கும் ஆமா போடுகிற கூட்டம்தானே!

"சரி, ஒளிஞ்சிருக்கட்டும். அப்ப வலது கண்ணு சுத்தமாயிடுச்சு, இல்லியா? என் மாமியாருக்குப் பொழுது சாயற வரைக்கும் கெடு. அதுவரைக்கும் யாரும் சொட்டு விடக் கூடாது. சுத்தமான கண்ணு சுத்தமாவே இருக்குதான்னு பாத்துட்டு அவளை விரட்டுங்க."

உடனே மகானுக்கு வேறு ஊரில் அவசர வேலை ஞாபகம் வந்தது. பாவம், கபுலா அவருடைய மோட்டார் சைக்கிள் மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

காத்திருந்தோம். வெயில் இறங்க இறங்க, வெளுத்த கண்கள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. கபுலாவின் வலது கண் இடது கண்ணுக்கு ஈடாகச் சிவந்தது. நாள்தோறும் சொட்டு விட்டுக்கொண்ட லுகாட்டாவின் கண்கள் முன்னைவிட மோசம். ஒருவரை ஒருவர் பார்த்துப் பேயறைந்தது போல் நின்றார்கள். கரை முழுக்கச் சூனியக்காரர்கள்!

"என்ன இது?" என்றார் லுகாட்டா, கண்ணைக் கசக்கிக்கொண்டு.

"கசக்காதீங்க அண்ணே! பாட்டிலைப் பாத்ததுமே அடையாளம் தெரிஞ்சுபோச்சு, இந்த மருந்தை நானே டவுன் கடையில வாங்கி விட்டுட்டிருந்தேன். கண் ஆஸ்பத்திரி நர்ஸம்மா திட்டித் தீர்த்துட்டாங்க. இது கண்ணுல இருக்கிற ரத்தக் குழாயைக் கொஞ்ச நேரம் சுருக்கும், அவ்வளவுதான். வேகம் தீர்ந்தா திரும்பச் சிவக்கும். விட விட இன்னும் மோசமாகும்."

"அப்ப கண்ணு காஞ்சு எரிஞ்சா என்னதான் பண்றது?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"அதுக்கு வேற சொட்டு இருக்கு, கண்ணீர் மாதிரி. நர்ஸம்மாவைக் கேட்டு வாங்கு. சீலும் தேதியும் பாரு. பாட்டில் மூக்கு கண்ணுல படக் கூடாது, ஒருத்தர் பாட்டில் இன்னொருத்தருக்கு ஆகாது. புகையை விட்டுத் தள்ளி உக்காரு, அடிக்கடி கண்ணை இமை. வலிச்சாலோ பார்வை மங்கினாலோ அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடு."

மிலெம்பே எழுந்து மகானிடம் போனாள். "எல்லார் கண்ணையும் பாத்தியே, உன் கண்ணை நாங்க பாக்க வேணாமா?"

"என் பார்வை உங்களுக்குத் தாங்காது!"

அவள் கறுப்புக் கண்ணாடியை வெடுக்கென்று பிடுங்கினாள். அடடா! தக்காளிப் பழம் தோற்றது. சொந்தச் சரக்கைத் தன் கண்ணிலேயே விட்டுக்கொண்டு, கரையிலேயே மிகச் சிவந்த கண்ணை அந்த உத்தமர்தான் வைத்திருந்தார்.

கூட்டத்தின் பின்னாலிருந்து காலையில் கேட்ட அதே குரல்: "அடேய், இவன்தான்டா சூனியக்காரன்! கொளுத்துங்கடா இவனை!"

ஆளுக்கொரு கட்டையோடு கூட்டம் பாய்ந்தது. கிஷோஷா ஓடிப்போய் ஒளிந்த இடம் எது தெரியுமா? மிலெம்பேயின் முதுகுக்குப் பின்னால். அவளும் விலகவில்லை, இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

"அட மரமண்டைங்களா! இவன் சூனியக்காரன் இல்லடா, திருடன்! போலீசைக் கூப்பிடுங்க. காலையில என் கண்ணைப் பாத்துக் கட்டையைத் தூக்கினீங்க, இப்ப இவன் கண்ணைப் பாத்துத் தூக்கறீங்க. என் மருமக பகல் பூரா தொண்டை கிழியப் பேசினாளே, ஒண்ணாவது மண்டையில ஏறிச்சா? கண்ணு வறண்டா விடறதுக்குச் சொட்டு இருக்கு. மூளை வறண்டா விடறதுக்கு எந்தக் கடையிலயும் சொட்டு கிடையாது. நீங்களாத்தான்டா யோசிக்கணும்!"