அம்பு போட்ட சான்றிதழ்

பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தின் சர்வரில் மென்பொருளின் புதிய பதிப்பை உடனே ஏற்ற வேண்டும் என்று தலைமையகத்திலிருந்து உத்தரவு வந்தது. உத்தரவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூலப்பிரதி தலைமையகத்தில் இருக்கும். கிளை அலுவலகங்கள் அதை உள்ளது உள்ளபடி இறக்கிக்கொள்ள வேண்டும். ஒரு கட்டளை தட்டினால் டீ ஆறுவதற்குள் முடிந்துபோகும் வேலை என்றுதான் கணினியாரும் நினைத்தார்.

கணினியார் என்பது அலுவலகம் அவருக்குச் சூட்டிய பெயர். பிரிண்டரில் காகிதம் சிக்கினாலும் அவர்தான், மின்விசிறி முனகினாலும் அவர்தான். ஆனால் இந்த வேலையில் அவருக்குச் சொந்தக் கவலை ஒன்று இருந்தது. அவருடைய மகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும். கியூஆர் கட்டம் போட்ட புதுச் சான்றிதழ் இல்லாமல் சேர்க்க மாட்டோம் என்று பள்ளியில் கையை விரித்துவிட்டார்கள். அந்தக் கட்டம் புதிய பதிப்பில்தான் வரும். குழந்தை பிறந்ததோ இந்த அலுவலகத்தின் எல்லைக்குள். வேறு எங்கும் போய் வாங்கவும் வழியில்லை.

"ஊர்ல இருக்கிற மெஷினை எல்லாம் சரி பண்றீங்க. பெத்த பொண்ணுக்கு ஒரு சர்டிபிகேட் வாங்க உங்களால முடியல" என்று மனைவி காலையில்தான் சொல்லி அனுப்பியிருந்தாள். சொன்னது உண்மையாக இருந்ததால் அவருக்குக் கோபம்கூட வரவில்லை.

கட்டளையைத் தட்டினார். திரை பதில் சொன்னது: இந்தச் சர்வரில் உள்ளூர் மாற்றங்கள் செய்யப்பட்டிருக்கின்றன. புதுப்பித்தால் அவை அழிந்துவிடும். முதலில் அவற்றைப் பதிவு செய்யவும் அல்லது ஒதுக்கி வைக்கவும். புதுப்பிப்பு நிறுத்தப்படுகிறது.

யார் செய்த மாற்றம் என்று தோண்டிப் பார்த்தார். சான்றிதழின் அச்சு மாதிரியில் ஒவ்வொரு பதிவாளரும் தன் காலத்தில் கை வைத்திருந்தார். பழைய பதிவாளர் ஒருவர், குடிமக்களுக்கு மரியாதை தர வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில், எல்லாப் பெயர்களுக்கு முன்னாலும் 'உயர்திரு' சேர்க்கச் சொல்லியிருந்தார். அதனால் தொட்டிலில் கிடப்பவர்களும் உயர்திரு ஆனார்கள். அடுத்து வந்தவர் மதிய இடைவேளையில் யாரும் தொந்தரவு செய்யக்கூடாது என்றார். அப்போது இருந்த தொழில்நுட்ப ஆள் அதை எங்கே எழுதுவதென்று தெரியாமல் பிறந்த நேரத்தில் எழுதிவிட்டார். அன்றிலிருந்து இந்த ஊரில் ஒரு மணியிலிருந்து இரண்டு மணிவரை யாருமே பிறப்பதில்லை. அந்த நேரத்தில் பிறந்துவிட்ட குழந்தைகளும் இரண்டு மணிக்கே பிறந்ததாக அச்சாகும். கணினியாரின் மகள் அப்படி மாட்டிக்கொண்டவள்தான். பிரசவ வார்டு வாசலில் நின்று கடிகாரம் பார்த்த அப்பனுக்கு இது எவ்வளவு வலிக்கும் என்று பெற்றவர்களுக்குத் தெரியும்.

மூன்றாவது மாற்றம் இப்போதைய பதிவாளருடையது. சான்றிதழில் குழந்தையின் பெயரைவிடப் பதிவாளரின் பெயர் இரண்டு மடங்கு பெரிதாக வரும்.

கணினியார் பதிவாளரின் அறைக்குப் போய் விவரத்தைச் சொன்னார்.

"புதுப்பிப்பு நின்னுபோச்சா? யாரு நிறுத்தினது?"

"கம்ப்யூட்டர்தான் சார்."

"நிறுத்தற அதிகாரம் அதுக்கு யாரு கொடுத்தா?"

"அதிகாரம் இல்ல சார், எச்சரிக்கை. நம்ம ஆளுங்க செஞ்ச மாத்தத்தை எல்லாம் ஒதுக்கி வச்சுட்டா உடனே ஏறிடும்."

பதிவாளர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "உயர்திரு போட்டவரை ஒதுக்கி வைக்கிறதா? அவரு இப்ப தலைமையகத்துல இணை இயக்குநர். தெரியுமா உமக்கு?"

"அப்ப மதிய இடைவேளையையாவது எடுத்துடலாம் சார்."

"எடுத்துப் பாரும். ஊழியர் சங்கம் நாளைக்கே வாசல்ல உக்காந்துடும். போராடி வாங்கின உரிமைய்யா அது."

"மூணாவதா ஒண்ணு இருக்கு சார். பதிவாளர் பேரு பெருசா வர்றது…"

"அது இருக்கட்டும்" என்றார் பதிவாளர், கொஞ்சம் மெதுவாக. "அதுல யாருக்கும் ஆட்சேபம் இல்லையே."

ஆக, பழையதும் போகக்கூடாது, புதியதும் வர வேண்டும். கணினியார் உள்ளூர் மாற்றங்களைப் பதிவு செய்துவிட்டு இரண்டையும் இணைத்துப் பார்த்தார். முக்கால்வாசி தானாகச் சேர்ந்துகொண்டது. மூன்று இடங்களில் மட்டும் மென்பொருள் 'மோதல்' என்று சொல்லி நின்றுவிட்டது. அந்த இடங்களில் ஏழு இடது அம்பு போட்டு உள்ளூர் வரியையும், கீழே ஏழு சமக்குறி போட்டுத் தலைமையகத்து வரியையும் எழுதி, ஏழு வலது அம்பு போட்டு முடித்து, எது வேண்டும் என்று மனிதர்களைக் கேட்டது. மனிதர்கள் முடிவெடுப்பார்கள் என்று நம்பியது அதன் அறியாமை.

"மோதலா? அலுவலக வளாகத்துலயா?" என்று பதிவாளர் திடுக்கிட்டார். "மோதல்னா ரெண்டு தரப்பு இருக்கும். ரெண்டு பேரையும் விசாரிக்காம நீரே ஒண்ணை அழிச்சா அது இயற்கை நீதிக்கு விரோதம்."

"ரெண்டும் வரிதான் சார். விசாரிச்சா பேசாது."

"பேசலைன்னா, விசாரணைக்கு ஒத்துழைக்கலைன்னு எழுதிக்கலாம்."

உடனடியாக மோதல் தீர்வுக் குழு அமைக்கப்பட்டது. பதிவாளர் தலைவர், கண்காணிப்பாளர் உறுப்பினர், கணக்கர் இன்னொரு உறுப்பினர். கணினியாருக்கு விஷயம் தெரியும் என்பதால் பாரபட்சம் காட்டக்கூடும் என்று கருதி அவரை வெளியே நிறுத்திவைத்தார்கள். அவர் வராந்தாவில் நின்று பள்ளிச் சேர்க்கை முடிய இன்னும் எத்தனை நாள் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே பிஸ்கட் பொட்டலம் பிரிக்கும் சத்தம் கேட்டது.

மாலையில் தீர்ப்பு வந்தது. 'மேற்படி மோதலை இக்குழு கவனமாகப் பரிசீலித்ததில் இரு தரப்பிலும் நியாயம் இருப்பது தெரிய வருவதால், இரு தரப்பு வரிகளையும் தக்கவைத்துக்கொள்ள முடிவு செய்யப்படுகிறது. இடையிலுள்ள அம்புக்குறிகளும் சமக்குறிகளும் எத்தரப்பையும் சாராத நடுநிலையாளர்கள் என்பதால், அவற்றை நீக்க இக்குழுவுக்கு அதிகாரம் இல்லை. இம்முடிவை மீறிச் சர்வரில் கைவைப்போர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும்.'

"சார், அந்தக் குறிங்க குப்பை சார். முடிவெடுத்த கையோட அழிச்சிடணும். இல்லேன்னா சான்றிதழ்ல அப்படியே அச்சாயிடும்" என்று கணினியார் கெஞ்சினார்.

"அச்சாகட்டுமே. நம்ம நேர்மை மக்களுக்குத் தெரியட்டும்" என்றார் பதிவாளர்.

புதிய பதிப்பு ஏறியது. முதல் சான்றிதழாகக் கணினியார் தன் மகளுடையதை அச்சடித்தார். கியூஆர் கட்டம் பளிச்சென்று வந்திருந்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இடது அம்புகள், உயர்திரு சேர்த்து மகளின் பெயர், சமக்குறிகள், உயர்திரு சேர்க்காமல் மகளின் பெயர், வலது அம்புகள். பிறந்த நேரமும் அதேபோல இரண்டு விதம். நாலு வயதுப் பெண் இரண்டு முறை பிறந்திருந்தாள். பதிவாளரின் பெயரும் இரண்டு அளவில் வந்திருந்ததை அவர் கவனிக்கும் நிலையில் இல்லை.

வேறு வழியில்லாமல் அதையே எடுத்துக்கொண்டு பள்ளிக்கு ஓடினார். சேர்க்கைப் பிரிவில் இருந்த எழுத்தர் முந்தைய சான்றிதழை ஈவிரக்கமில்லாமல் திருப்பிக் கொடுத்தவர். இப்போது கண்ணாடியை மூக்கில் இறக்கி, தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்ன சார் இது, அம்பு?"

"அது வந்து…" என்று கணினியார் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார்.

"புதுப் பாதுகாப்பு அம்சமா?"

கணினியார் ஆமாம் என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளும்படி தலையை ஆட்டினார்.

"எங்களுக்கு இன்னும் சுற்றறிக்கை வரல. ஆனா பாத்தாலே தெரியுது. இந்த மாதிரி ஒண்ணை எந்தப் போலி ஆசாமியும் அடிக்க மாட்டான்" என்று சொல்லிக்கொண்டே எழுத்தர் தட்டச்சு செய்ய ஆரம்பித்தார். சான்றிதழில் உள்ளபடி, புள்ளி பிசகாமல். அம்புகளை விரல்விட்டு எண்ணி எண்ணி அடித்தார்.

மகள் பள்ளியில் சேர்ந்துவிட்டாள். அடையாள அட்டையில் அம்புகளுக்கு இடம் போதாமல் படத்தைக் கொஞ்சம் சின்னதாக்க வேண்டியிருந்தது. வகுப்பில் வருகை எடுக்கும்போது ஆசிரியை இரண்டு முறை கூப்பிடுவார். இவளும் இரண்டு முறை "உள்ளேன் டீச்சர்" என்பாள்.

சேர்க்கையன்று வரிசையில் பின்னால் நின்ற பெற்றோர்களுக்கு இது பொறுக்கவில்லை. மறுநாளே பதிவு அலுவலகத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. "எங்க பையன் பேருக்கு மட்டும் ஏன் அம்பு இல்ல? நாங்க என்ன மட்டமா?" என்று ஒரு துணிக்கடைக்காரர் சண்டைக்கே வந்துவிட்டார். பழைய சான்றிதழைக் கொடுத்து அம்பு போட்டு வாங்கிப்போனார். பிறகு பல் டாக்டர் தன் பெயர்ப்பலகையில் அம்பு வைத்தார். அவருக்கு எதிரே இருந்த வக்கீல் கூடுதலாக நாலு அம்பு வைத்தார். அம்பு இல்லாத பெயரைப் பார்த்தால் மக்கள், "ஒரிஜினலா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். பக்கத்து அலுவலகம், தங்களுக்கு மோதல் ஒன்றும் வராததால், ஒரு மோதலுக்கு ஏற்பாடு செய்து தருமாறு எழுதிக் கேட்டது.

இந்தச் சமயத்தில்தான் தலைமையகத்து மென்பொருள் பிரிவிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். நல்ல பெண், விஷயம் தெரிந்தவள்.

"சார், உங்க சர்வர்ல மோதல் குறியெல்லாம் அப்படியே கிடக்கு. உள்ளூர் மாத்தம் எல்லாத்தையும் தள்ளிட்டு மூலப்பிரதியை வைக்கச் சொல்லி இணை இயக்குநரே கையெழுத்துப் போட்டுட்டாரு. நீங்க சரின்னா இங்கிருந்தே ஒரு நொடியில முடிச்சிடுவேன். உயர்திரு போயிடும், இடைவேளை போயிடும், இந்த அம்புக் குப்பையும் போயிடும்."

முதல் நாளிலிருந்து கணினியார் தவம் கிடந்தது இதற்காகத்தான். வாய்வரை வந்த "சரி" அங்கேயே நின்றது. மூலப்பிரதி வந்தால் கியூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்ததும் அம்பில்லாத பெயர்தான் காட்டும். பள்ளிப் பதிவோடு அது ஒத்துப்போகாது. அந்த எழுத்தர் கண்ணாடியை மூக்கில் இறக்கி, எது போலி என்று கேட்பார்.

"சார், லைன்ல இருக்கீங்களா? குப்பையை அழிச்சிடட்டுமா?"

கணினியார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"குப்பைன்னு சொல்லாதீங்கம்மா" என்றார். "அது என் பொண்ணு பேருல இருக்கு."