4471 இன் சம்பளம்

"ஏழாயிரத்து முந்நூறா!" என்று கத்திய சிவபாலன் பிளேன்டீயைக் கோப்பின் மேல் கவிழ்த்துவிட்டார்.

தொழிற்சங்கம் சுவரில் ஒட்டிய சம்பளப் பட்டியலில், அவருடைய அதே தரத்தில், அதே சேவைக்காலத்தில் ஒருவர் அவரைவிட மாதம் அவ்வளவு கூடுதலாக வாங்கிக்கொண்டிருந்தார். பெயர் போட்டால் கைகலப்பு வரும் என்று இலக்கத்தை மட்டும் போட்டிருந்தார்கள். 4471.

மாலையில் வெள்ளவத்தை பஸ்ஸில் மனைவி ஜீவராணியிடம் பொருமித் தள்ளினார். அவளும் அதே கட்டடத்தில்தான், ஐந்தாம் மாடித் திணைக்களத்தில் வேலை.

"ஒரே வேலை! அந்த 4471க்கு மட்டும் என்ன, கொம்பா முளைச்சிருக்கு?"

"விடுங்கோப்பா. அதுவும் ஆரோ பிள்ளைகுட்டிக்காரராய் இருக்கும்."

"எப்படி விடுறது? அரியர்ஸ் வரட்டும், மகள் றஷ்மியின்ர டியூசன் காசை நானே கட்டுறன். எத்தினை நாளைக்கு நீர் தனியக் கட்டுறது?"

ஜீவராணி யன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

சம்பள முரண்பாட்டுக் குழுவுக்கு மனுப் போனது. யாரோடு ஒப்பிடுகிறீர் என்று கேட்டு அது திரும்பி வந்தது. சிவபாலன் 4471 என்று சிவப்பு மையில் எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டார். அப்போதும் பதில் இல்லை. அந்த ஆளின் கோப்பை அடியிலிருந்து நுனிவரை கிளறும்படி அமைச்சுக்கே முறையிட்டார்.

"இன்னும் அந்தக் கதையை விடேல்லையா?" என்றாள் ஜீவராணி, கறியைக் கிளறியபடி.

"உயிர் போனாலும் விடன்!"

மூன்றாம் மாதம் கடிதம் வந்தது. முறைப்பாடு நியாயமானதாம். 4471 இடமாற்றம் பெற்றபோது சம்பளம் பிழையாகக் கணிக்கப்பட்டதாம். ஆகவே அது சிவபாலனின் சம்பள அளவுக்குக் குறைக்கப்பட்டு, இதுவரை கூடுதலாகப் பெற்றது மாதாமாதம் அறவிடப்படுமாம்.

"எனக்குக் கூட்டச் சொன்னா, அங்க வெட்டிப் போட்டாங்களே!"

கடிதத்தை இன்னொரு தரம் வாசித்தார். பிறகு, தனக்கில்லாதது அவனுக்கும் இல்லை என்ற எண்ணத்தில் வயிறு குளிர்ந்தது. பிரிவு முழுவதற்கும் ரோல்ஸ் வாங்கினார்.

தபால் பையோடு வந்த பியோன் அஷ்பாக் மட்டும் ரோல்ஸைத் தொடவில்லை.

"அந்த 4471ட கடிதத்தயும் இப்பதான் சேர் அஞ்சாம் மாடீல குடுத்திட்டு வாரேன், இன்டக்கி பஸ்ஸுல ஒங்கள தனியப் போகட்டாம், றஷ்மிட டியூசன் சல்லியயும் இனி நீங்களே கட்டட்டாம்."