நிழலக்கா மீது தொடுத்த நினைவகப் போர்

வாழ்க வரிகளின் வேந்தன்! அரைப்புள்ளி பிசகினும் அனல் கக்கும் விழியன், ஆறிப்போன தேநீர்க் கோப்பைகள் மூன்று புடைசூழச் சுழல்நாற்காலியில் வீற்றிருப்பவன், அலுவலகத்தார் 'கண்ணாடி' எனச் செல்லமாய் விளிக்கும் நிரலாளன் வாழ்க! மின்சாரத் தாயே, இந்தப் போர் முடியும்வரையாவது போய்விடாதே!

கணினித் திரையில் சாளரங்களைத் தீட்டும் அந்த அலுவலகத்தின் நிரல், வாங்கிய நினைவகத்தைத் திருப்பித் தராமல் விழுங்கிக்கொண்டே இருந்தது. மதியத்துக்குள் கணினி கல்லாய்ச் சமைந்தது. சாளரங்களுக்கு நிழல் வரையும் பகுதியே குற்றவாளி என்று ஊருக்கெல்லாம் மின்னஞ்சலில் முழங்கிவிட்டான் நம் வீரன். அந்த நிழல், பக்கத்து மேசை அக்காவின் எட்டு மாத உழைப்பு. ஐந்து மணிக்குள் இந்த நினைவகக் கசிவு அடங்காவிட்டால் நிழலையே வெட்டி எறிவதென மேலாளர் ஆணையிட்டார்.

"தூக்குறதுக்கு முன்னாடி நல்லாப் பாத்துடுப்பா," என்றாள் அக்கா. அவள் முகம் வாடிப்போயிருந்தது.

"திருடனைக் கையும் களவுமாப் பிடிக்காம ஓயமாட்டேன்!" எனச் சூளுரைத்த வீரன், நினைவகத்தின் ஏற்றத்தை நொடிக்கு நொடி கோடாய் வரைந்து காட்டும் அளவுகாட்டியை, தான் பெற்ற பிள்ளையாய்ப் பேணி அந்த நிரலுக்குள் எந்நேரமும் ஒன்றை ஓடவிட்டிருந்த தன் சொந்தப் படைப்பை, திரையின் மூலைக்கு ஒன்றாக நான்கு ஒற்றர்களாய் ஏவினான். அந்தோ! நிழலை நிறுத்தியும் கசிவு நிற்கவில்லை. மடையுடைத்த வெள்ளமென நான்கு மடங்காய்ப் பொங்கி, சாளரங்கள் சாய, எழுத்துகள் ஓய, மவுசின் அம்பு நடுக்களத்தில் நொண்டியடிக்க, கணினியின் விசிறி ஓலமிட்டது.

திரையில் இடம் போதவில்லையென்று மூன்று ஒற்றர்களை மூடினான். வெள்ளம் கால் பங்காய்க் குறைந்தது.

மூடிய மூன்றை வீரன் விரல்விட்டு எண்ணினான். அளவுகாட்டியின் நிரலைத் திறந்தான். நொடிக்கொரு புதுப் படத்துக்கு நினைவகம் வாங்கும் வரி கம்பீரமாய் நின்றது. பழைய படத்தை விடுவிக்கும் வரியைக் காணோம். அது நிற்கவேண்டிய இடத்தில், இரண்டு வருடத்துக்கு முன் அவன் தன் கைப்பட எழுதிவைத்த குறிப்பு மட்டும் இருந்தது: 'விடுவிக்கணும். அப்புறம் பாத்துக்கலாம்.'

மணி நாலு ஐம்பது. விண்ணதிர, மண்ணதிர, ஏசி அதிர எழுந்தான்; விடைத்த மார்பு அடிக்கு அடி ஒடுங்க, எட்டடித் தொலைவை எண்பது காதமாய்க் கடந்து, பக்கத்து மேசையின் முன் போய் நின்றான்.

"சாரிக்கா, அது நான்தான்," என்றான்.