சகலை வீட்டு மீன்

ஆகஸ்ட் 2, சனி. இன்றைய தவறு: தொட்டித் தண்ணீரை ஒரு மாதம் மீன் இல்லாமல் ஓடவிடச் சொன்னார் கடைக்காரர். நான் எட்டு நாள்தான் விட்டேன். நான்கு மீனில் ஒன்று இன்று காலை செத்துவிட்டது. நாளைய வேலை: காரணம் கண்டுபிடித்தல்.

எழுதி முடித்ததும், 'சின்னத் தவறு' என்று திருத்தலாமா என்று குமரேசனுக்குத் தோன்றியது. திருத்தினான். அப்படி எழுதுவதே இன்னொரு தவறாகிவிடுமோ என்று 'சின்ன' என்பதை அடித்தான்.

திருத்தணிப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் நடக்கும் மாலை நேர ஆங்கில வகுப்பில் காஞ்சனா மிஸ் கொடுத்த பயிற்சி அது. தினமும் ஒரு தவறு, மறுநாளுக்கு ஒரு வேலை; ஆங்கிலத்தில் எழுத வேண்டும். முதலில் தமிழில் எழுதிவிட்டு அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று மூன்று மாதமாகத் தமிழிலேயே எழுதிக்கொண்டிருந்தான் குமரேசன்.

தொட்டி வீட்டுக்கு வந்ததற்குக் காரணம் சகலை அருண்பாண்டியன். மனைவி ஷோபனாவின் அக்கா சௌமியாவைக் கட்டியவர். ஷோபனா அவரை 'பாவா' என்பாள். ஆர்.கே.பேட்டையில் அவருக்கு ஆறு விசைத்தறி ஓடியது. குமரேசன் பிரிட்ஜ் வாங்கினால் சகலை வீட்டில் இரண்டு கதவு பிரிட்ஜ் இருக்கும். குமரேசன் மீசை வளர்த்தால் அங்கே ஏற்கெனவே அடர்த்தியாக வளர்ந்திருக்கும். கல்யாணமான நான்கு வருடமாக இப்படித்தான்.

ஒருநாள் அக்காவிடம் பேசிவிட்டு ஷோபனா போனை வைத்தாள்.

"பாவா உப்புத்தண்ணியிலயே மீனு வளக்கறாராம்ங்க. எட்டு மாசமாவுது, ஒன்னுகூட சாவல. அவருக்குக் கை ராசி."

அவள் காட்டிய போட்டோவில் கண்ணாடியின் பளபளப்புக்கு நடுவே ஆரஞ்சு நிறத்தில் ஏதோ நெளிந்தது. குமரேசன் உடனே உப்புத்தண்ணி மீன் என்று இணையத்தில் தேடினான். கடல் வந்தது. பவளப்பாறை வந்தது. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட மீன் வந்தது. சர்க்கரை ஆலையின் சோதனைக்கூடத்தில் உதவியாளனாக இருக்கும் தனக்கு வராத கடல், தறிக்காரருக்கு வந்துவிட்டதா?

போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றாள் ஷோபனா. பார்த்தால் பாராட்ட வேண்டியிருக்கும். குமரேசன் போகவில்லை. வளர்ப்பு மீன் விற்கும் கொளத்தூருக்குப் போய், குமரவேல் என்பவர் கடையில் தொட்டி, கடல் உப்பு, பாறைக்கல், உப்பளக்கும் கருவி எல்லாம் வாங்கினான். எட்டு நாள் கழித்து மறுபடியும் போய், நான்கு மீன்களைப் பிளாஸ்டிக் பையில் போட்டு மின்சார ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தான்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு வரும் சகலை குடும்பத்துக்கு மதியச் சாப்பாடு ஆண்டுதோறும் குமரேசன் வீட்டில்தான். அன்றைக்கு அவன் கூடத்தில் நான்கு கடல் மீன்கள் நீந்த வேண்டும். சகலை எதிரில் ஷோபனா, "இவருக்கும் கை ராசிதான்" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவன் கேட்டது அவ்வளவுதான்.

முதல் சாவுக்கு வெயில்தான் காரணம் என்று முடிவு செய்தான். திருத்தணி வெயிலில் மலையே கொதிக்கிறது, மீன் என்ன செய்யும்? மேசை விசிறியைத் தண்ணீருக்கு நேராகத் திருப்பி வைத்தான். ஷோபனா ஈரத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மீன்களைப் பார்த்தாள்.

"எனக்காக ஜென்மத்துல இந்தப் பக்கம் ஃபேனைத் திருப்புனது இல்ல நீங்க."

விசிறிக் காற்றில் தண்ணீர் தினமும் இரண்டு விரல் குறைந்தது. உப்புத்தண்ணீர் குறைகிறது, உப்புத்தண்ணீரையே கலந்து ஊற்றினான். மறுநாளும் ஊற்றினான். கண்ணாடி விளிம்பில் வெள்ளையாகப் பொடி பூத்தது. ஷோபனா அது ஏதோ அழகுக்கு என்று நினைத்தாள். ஆறாம் நாள் இரண்டாவது மீன் மிதந்தது.

குமரவேலுக்குப் போன் செய்தான். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, காற்றில் போவது தண்ணீர்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும், குறைந்த அளவுக்கு வெறும் தண்ணீர் ஊற்றினால் போதும் என்றார். பிறகு, சார் எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார்.

கரும்புச் சாற்றைக் காய்ச்சித் தண்ணீரை ஆவியாக்கி இனிப்பைக் கெட்டியாக்கும் ஆலையில் ஏழு வருடமாக வேலை பார்ப்பதை குமரேசனால் சொல்ல முடியவில்லை. கூட்டுறவுத் துறை என்று மட்டும் சொன்னான். அன்றைய தவறை எழுத அரைப் பக்கம் ஆனது.

எழுதிவிட்டு, அடுத்த பக்கத்தில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்தான். இடப்பக்கம் 'நான்', வலப்பக்கம் 'சகலை'. 'நான்' கீழே இரண்டு சாவு. 'சகலை' கீழே போட ஒன்றும் கிடைக்கவில்லை.

"உங்க அக்கா வீட்டுல எப்படி இருக்குதாம்?" என்றான், நாளிதழைப் பார்த்துக்கொண்டே.

"மீனா? பெரிசாயிகினு வருதாம். பாவா கையைக் காட்டினா மேல வருதாம்."

குமரேசன் தன் தொட்டிக்குள் கையைக் காட்டினான். மிச்சமிருந்த இரண்டும் கல்லுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டன.

"நம்ம வீட்ல செத்தத சொல்லிட்டியா?"

"நீங்கதான் சொல்லாதன்னீங்களே. உப்பு கொட்டி உப்பு கொட்டி மீனு வளக்கறாருன்னு மட்டும் சொன்னேன்."

அதற்குச் சகலை என்ன சொன்னார் என்று கேட்க வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டான்.

பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. தொட்டிக்குள் பாறைக்கல் பழுப்பாகப் பாசி பிடித்திருந்தது. சகலை வீட்டுக் கல் இப்படியா இருக்கும்? அவர் தறிக் கொட்டகையில்கூட ஒரு நூல் கீழே கிடக்காது. குமரேசன் கல்லையும் வடிகட்டிப் பஞ்சையும் வெளியே எடுத்து, குழாயடியில் வைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் ஒரு மணி நேரம் தேய்த்தான். கல் முட்டை ஓடுபோல் வெளுத்தது. அதைப் போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பும்படி ஷோபனாவிடம் சொன்னான்.

செவ்வாய்க்கிழமை மூன்றாவது போயிற்று.

இந்த முறை குமரவேல், கல்லைத் தேய்த்த கதையை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். அந்தப் பழுப்பில்தான் மீனின் கழிவைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருந்தன என்று விளக்கினார்.

"வீட்டுல துப்புரவு பண்றவங்க அத்தினி பேரையும் நீங்களே தொரத்திட்டீங்க சார். இனிமே ஒன்னும் பண்ணாதீங்க. தெனம் ஒரு சொம்பு தண்ணி மாத்துங்க, அது போதும்."

ஒன்றும் செய்யாமல் இருப்பது குமரேசனுக்குத் தெரியாத வேலை. மேலும் ஒரு சந்தேகம் புதிதாகப் பிடித்துக்கொண்டது. இரண்டு மூன்று நாளாக அக்கா வீட்டு மீன் பேச்சையே ஷோபனா எடுக்கவில்லை. கேட்டால், அக்கா வேறு ஏதோ பேசினாள் என்கிறாள். அப்படியானால் இங்கே சாவது அங்கே தெரிந்துவிட்டது. தெரிந்து, பாவம் என்று விட்டுவிட்டார்கள். சகலை தன் மீன்களைப் பற்றிப் பேச வேண்டாம் என்று பெருந்தன்மையாகச் சொல்லியிருப்பார். அந்தப் பெருந்தன்மையை நினைக்க நினைக்க குமரேசனுக்கு நெஞ்சு எரிந்தது. பெருமையடித்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.

கிருத்திகைக்கு முதல் நாள், தினமும் ஒரு சொம்பு என்ற கணக்கு கட்டுப்படியாகாது என்று தோன்றியது. கடைசி மீனாவது பளிச்சென்று தெரிய வேண்டும். முழுத் தண்ணீரையும் இறைத்துவிட்டுப் புதிதாக உப்புக் கரைத்து நிரப்பினான். விடிந்ததும் பார்த்தபோது தொட்டி பளிங்குபோல் இருந்தது. மீன் அதன் அடியில் பக்கவாட்டில் படுத்திருந்தது.

தெருவில் 'அரோகரா' கேட்டது. ஷோபனா வாழையிலையோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"இப்ப இன்னா பண்றது?"

"பெட்ஷீட் எடு."

பூப்போட்ட போர்வையைத் தொட்டியின் மேல் போட்டார்கள். உள்ளே மோட்டார் மட்டும் முனகிக்கொண்டிருந்தது.

மலையிலிருந்து இறங்கி எல்லோரும் வரும்போது மணி ஒன்று. மொட்டைத் தலையில் சந்தனம், தோளில் மஞ்சள் துண்டு, அருண்பாண்டியன் உள்ளே வந்தார். போர்வையைப் பார்த்தார். அது என்ன என்று கேட்கவில்லை. அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

சாப்பாட்டில் கூட்டத்தைப் பற்றிப் பேசினார்கள். படியில் நின்ற வரிசையைப் பற்றி, டவுன் பஸ்ஸை எங்கே நிறுத்துகிறார்கள் என்பதைப் பற்றி, நூல் விலை, மழை, சாம்பாரில் முருங்கைக்காய். மீன் என்ற சொல் வரக்கூடிய எல்லாப் பேச்சையும் சகலை சுற்றிக்கொண்டு போனார். ஒரு தடவை சௌமியா, "ஆமா, உங்க தொட்டி..." என்று ஆரம்பித்தாள்.

"மோர் ஊத்து," என்றார் அருண்பாண்டியன்.

குமரேசனுக்குச் சோறு இறங்கவில்லை. எவ்வளவு நாசூக்காகத் தன்னைக் காப்பாற்றுகிறார் இந்த மனுஷன். எட்டு மாதம் கடலையே வீட்டில் வைத்துக் காப்பாற்றியவருக்கு ஒரு சகலையைக் காப்பாற்றுவது பெரிதா? இந்த மனுஷனின் ரகசியம் தெரியாமல் இனி ஒருநாளும் தூங்க முடியாது. அவரிடம் கேட்கவும் முடியாது.

வேனை ஓட்டிவந்தவர் தறி ஓட்டும் தங்கவேல். சாப்பிட்டுவிட்டு வெளியே வேன் நிழலில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். சகலை பாயில் சாய்ந்ததும், குமரேசன் ஒரு டம்ளர் பாயசத்தோடு தங்கவேலிடம் போனான்.

"தங்கவேலு, ஒன்னு கேக்கறேன். உங்க மொதலாளி மீன்தொட்டிக்கு எந்த உப்பு போடறாரு? எவ்ளோ போடறாரு?"

தங்கவேலுக்குப் பாயசம் புரையேறியது. வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"உங்களுக்கு யாரு சார் சொன்னா? உங்ககிட்ட மட்டும் மூச்சு வுடக்கூடாதுன்னு சொல்லி இல்ல எங்களை இட்டாந்தாரு."

ஆக, ரகசியம் ஒன்று இருக்கிறது. குமரேசன் இன்னும் கிட்டே நகர்ந்தான்.

"நானும் கடல் மீன்தான் வளக்கறேன். சொன்னா இன்னா?"

"கடல் மீனா? அது சாதா தங்கமீனு சார். சோளிங்கர்ல வாங்கினது."

"உப்புத்தண்ணியில வளக்கறாருன்னாங்களே?"

"ஆங், எங்க தெரு போர் தண்ணி. ஒரே உப்பு. பருப்பு வேவாது, சோப்பு நுரைக்காது. அதுலகூட மீனு பொழைக்குதேன்னுதான் ஊரே வந்து பாத்துகினு இருந்துச்சு."

குமரேசன் வேனின் கதவைப் பிடித்துக்கொண்டான். தங்கவேல் மீதிப் பாயசத்தை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க உப்பு கொட்டி வளக்கறீங்கன்னு உங்க வீட்டம்மா சொல்லிச்சு பாருங்க, அன்னியிலருந்து அவருக்குச் சோறு தண்ணி இறங்கல சார். போன வாரம் அவரும் ரெண்டு படி கல்லுப்பு கொட்டினாரு. எட்டு மீனும் மல்லாந்துடுச்சு."

ஆகஸ்ட் 16, சனி. இன்றைய தவறு: எழுத இடம் போதாது. நாளைய வேலை: தொட்டியைக் கழுவி வெறும் தண்ணீர் நிரப்புதல். சோளிங்கர் போய்த் தங்கமீன் வாங்குதல். ஒன்பது.