ராஜவீதியில் படுக்க வைத்தவள்

எந்த வரைபடத்திலும் அகப்படாத தேன்வரை நாட்டில், கருந்தேன் என்ற போதையைக் குடித்தவர்கள் மூச்சு மறந்து தூங்கிப்போனார்கள். மூக்கில் எழுப்புநீர் ஒரு சொட்டு விட்டால் பிழைத்துவிடுவார்கள். அது ராஜவீதிக் கொட்டடியில் குடம் குடமாக இருந்தது. பூட்டில்.

"மருந்தை வெளியே விட்டால் மயங்கும் ஆசை வந்துவிடும். குடை விற்பதால்தானே மழை பெய்கிறது?" என்றார் நலத்துறை அமைச்சர் தர்மகேது. சபை கைதட்டியது.

சாவு கூடியது. மயங்கியவர் நேரில் வந்து விண்ணப்பிக்கலாம் என்று ஆணை வந்தது. எவரும் வரவில்லை. "பார்த்தீர்களா, தேவையே இல்லை" என்றார் அமைச்சர். அடுத்த ஆணை: மயங்கியவனைத் தூக்குபவனுக்கும் சிறை. மக்கள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்கள்.

ஒரு காலை, மீன் விற்கும் பூங்காவனத்தின் தம்பி மாசிலாமணி வாசலில் சரிந்தான். உதடு நீலம் பாரித்தது. ஒரு கதவும் திறக்கவில்லை. தூரத்தில் மன்னர் உலா வரும் சங்கு.

அங்கே ஒரு பழைய சட்டம் உண்டு. பல்லக்கு வரும்போது ராஜவீதியில் எவராவது படுத்துக் கிடந்தால் நலத்துறை அமைச்சரின் தலைப்பாகை அங்கேயே பறிக்கப்படும். நாடு நலமாக நிற்பதை மன்னர் பார்க்க வேண்டுமல்லவா?

பூங்காவனம் தம்பியை மீன் வண்டியில் போட்டுத் தள்ளிவந்து, வீதி நடுவே கிடத்தினாள். பல்லக்குக்கு முன்னால் வந்த தர்மகேது அவளிடம் ஓடிவந்தார்.

"உன்னைச் சிறையில் போடுவேன்."

"போடுங்க சாமி. அப்பவும் இவன் இங்கதான் கிடப்பான்."

அமைச்சர் சேவகர்களைப் பார்த்தார். "தூக்குங்கள்."

"தூக்கினால் சிறை, ஐயா" என்றான் ஒருவன், மிகப் பணிவாக.

பல்லக்கு திருப்பத்தில் தெரிந்தது. அமைச்சரின் ஒரு கை தலைப்பாகையைப் பிடித்தது. மறு கை கொட்டடிச் சாவியை வீசியது.

சொட்டு விழுந்தது. மாசிலாமணி இருமி, எழுந்து உட்கார்ந்தான்.

"அக்கா, மீன் நாத்தம்."

"அடிக்கட்டும்டா."

அவளைச் சிறையிலிட்டால், ஒருவன் படுத்திருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். அமைச்சர் விட்டுவிட்டார். மறுநாள் சங்கு ஊதியபோது வீதி முழுக்க மயங்கியவர்களோடு வண்டிகள்.

அந்த வாரமே தெருமுனைதோறும் எழுப்புநீர் வந்தது, பூட்டில்லாமல். எழுந்தவர்கள் மீண்டும் விழக் கூடாதே; சும்மா கிடந்த யானைக் கொட்டாரம் வைத்தியர்களோடு திறந்தது. மாசிலாமணி இப்போது அங்கே புதிதாக வருபவர்களுக்குக் கஞ்சி ஊற்றி, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறான். வாயிலில் தர்மகேதுவின் சிலை. தலைப்பாகை மட்டும் சற்றுப் பெரிது.

பார்க்க வந்த அண்டை நாட்டுத் தூதர் பெருமூச்சு விட்டார். "எங்க நாட்டுலயும் மருந்து இருக்கும்மா. பூட்டித்தான் வச்சிருக்காங்க."

பூங்காவனம் செதில் சுரண்டுவதை நிறுத்தவில்லை. "ராஜவீதி இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்ப என் வண்டிய எடுத்துட்டுப் போங்க. கழுவித்தான் வச்சிருக்கேன்."